மார்கழித் தாமிரபரணி: தூண்டிலும் கூடாரமுமாக நான்கு நாள்கள்

முதல் நாள் (மார்கழி 10): பாபநாசம், கல்லிடைக்குறிச்சி

மீன் பிடிக்கக் கிளம்பிய எங்களை மாமா முதலில் கூட்டிப் போன இடம், மீன் பிடிக்கவே கூடாத இடம். பாபநாசநாதர் கோயில் படித்துறையில், விடிந்தும் விடியாத வேளையில், பொரிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி நீரில் தூவினார். படியோரம் முழுவதும் கறுத்துக் கொதிப்பதுபோல் ஆயிற்று. ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி மீன்கள் வாய் பிளந்தன. முழ நீளத்துக்கு மேற்பட்டவையும் அவற்றில் இருந்தன. கோயில் மீன்கள் என்பதால் அவற்றை யாரும் தொடுவதில்லை. “எது மேல வந்து திங்குது, எது அடியில கெடந்து பொறுக்குதுன்னு பாத்துக்கிடும் மருமவனே. அது தெரிஞ்சாத்தான் தக்கையை எந்த உயரத்துல கட்டணும்னு தெரியும்” என்றார். அரை மணி நேரம் வேறொன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா என் தாயின் தம்பி, வயது அறுபத்தேழு. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றுப் பாசனத்தில் பயிர் வைப்பவர். பிசானப் பருவ நெல் நடவு முடிந்து களையும் எடுத்தாகிவிட்டதால் மார்கழியில் அவருக்குச் சில நாள்கள் ஓய்வு கிடைக்கும். அவருடைய மகனுக்குக் கல்லூரி விடுமுறை, எனக்கு அலுவலக விடுப்பு. இரண்டு வண்டிகளில் மூன்று பேர், ஒரு கூடாரம், பத்தமடைப் பாய்கள், கம்பளிகள், ஒரு மண்சட்டி, அரிசி, புளி, வற்றல் பொடி, தேங்காய் ஆகியவற்றோடு, ஆற்றின் போக்கிலேயே சேரன்மகாதேவி வரை மெதுவாக இறங்குவது எங்கள் திட்டம். தூண்டில்களில் என்னுடையது சுருள் வைத்த கம்பு. மாமாவினுடையவை இரண்டும் அவரே வெட்டிப் பதப்படுத்திய மூங்கில்கள். அவற்றில் தங்கூசி நரம்பு கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கோத்திருந்தார். முள்களை ஒரு தீப்பெட்டியிலும், மண்புழுவை ஈரமண்ணோடு ஒரு தேங்காய்ச் சிரட்டையிலும் வைத்திருந்தார்.

பாபநாசத்துக்கு மேலே ஏன் போகவில்லை என்று கேட்கும் நண்பர்களுக்காக ஒரு செய்தி. அந்த மலைப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே மீன் பிடிக்கவோ, விருப்பம்போல் கூடாரம் அடிக்கவோ கூடாது. அந்தத் தடை இருப்பதால்தான் கீழே ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொதிகையின் சோலைகள் மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆறு, அந்தக் காட்டின் சேமிப்பைத்தான் வழிநெடுகச் செலவழித்துக்கொண்டு போகிறது.

கல்லிடைக்குறிச்சியில் தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் மாமா செய்தித்தாளில் தேடியது அணைகளின் நீர்மட்டத்தை. பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அன்றைய அளவு எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று விரலை வைத்துப் படித்தார். திருநெல்வேலிச் சீமையில் ஆற்றங்கரைக்காரர்களுக்கு இது பழைய வழக்கம்தான் என்றாலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளுக்குப் பிறகு அந்த வழக்கம் இறுகிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாள்களில் இந்த ஆறு என்ன செய்தது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே ஆற்று மணலிலோ நடுத்திட்டிலோ படுப்பதில்லை, கரைக்கு மேலே உள்ள தோப்பில்தான் கூடாரம் என்பதை மாமா முதலிலேயே தீர்மானித்திருந்தார். தெரிந்தவர் ஒருவருடைய தென்னந்தோப்பில் அனுமதி கேட்டு இறங்கினோம்.

மாலையில் எனக்குக் கிடைத்த பாடத்தைத்தான் இந்த நாளின் கணக்கில் முக்கியமாகச் சேர்க்க வேண்டும். நான் இரை கோத்து வீசப் போனபோது மாமா தடுத்தார். முள் இல்லாமல் ஈயக்குண்டை மட்டும் கட்டி எறியச் சொன்னார். குண்டு அடியில் விழுந்ததும் நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கி, நத்தை ஊர்வதுபோல் இழுக்க வேண்டும். மணலில் குண்டு வழுக்கிக்கொண்டு வரும். சரளையில் விரலுக்குள் சின்னச் சின்னத் துடிப்பாகத் தெரியும். பாறையில் ‘டக்’ என்று முட்டி நிற்கும். சேற்றில் புதைந்து, விடுபடும்போது ஒரு கனமான உறிஞ்சல் விரலுக்கு எட்டும். இருட்டும் வரை இதையே செய்தேன். கண்ணுக்கு ஒரே தட்டையாக ஓடிக்கொண்டிருந்த நீருக்கு அடியில், கரையிலிருந்து பத்தடியில் சரளை, அதற்கப்பால் ஒரு பாறை விளிம்பு, விளிம்பைத் தாண்டியதும் குண்டு நெடுநேரம் இறங்கிக்கொண்டே இருந்த ஒரு கசம் என்று ஒரு நிலப்படம் என் விரலுக்குள் உருவாயிற்று. “அங்கனதான் குளிருக்கு ஒதுங்கிக் கெடக்கும்” என்றார் மாமா.

இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த விளிம்பில் மண்புழுவை இறக்கினோம். ஆரால் பகலில் கல்லிடுக்கில் கிடந்து இரவில் இரை தேடும் மீன். அது முதலில் சுவைத்துப் பார்க்கும். அந்த நடுக்கத்துக்கு இழுத்தால் வெறும் முள்தான் வரும். மூன்றாவது நடுக்கத்துக்குப் பிறகு நரம்பு ஒரு பக்கமாக நகரத் தொடங்கியபோது மாமா கம்பை உயர்த்தினார். இரண்டு ஆரால் கிடைத்தன. முதுகில் ரம்பம்போல் முள் வரிசை உள்ள மீன் அது; சாம்பலை அப்பிக்கொண்டுதான் கையில் பிடிக்க முடியும். மூன்று கல் வைத்த அடுப்பில், காய்ந்த தென்னம்பாளை எரிய, சின்ன வெங்காயமும் சீரகமும் தேங்காயும் சேர்த்து அரைத்த குழம்பில் அவை கொதித்தன. பாதியை மூடி வைத்துவிட்டோம். ஆற்று மீன் குழம்புக்கு மறுநாள் காலையில்தான் முழுச் சுவை வரும்.

இரண்டாம் நாள் (மார்கழி 11): திருப்புடைமருதூருக்குக் கிழக்கே

நாலரை மணிக்கு ஊர்க்கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கியது. கூடாரத்தின் மேல் பனி சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது ஆறு முழுவதும் வெண்ணிற ஆவி எழுந்து, அக்கரையின் மருத மரங்கள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தன. நான் கொண்டு போயிருந்த வெப்பமானியில் காற்று 20 டிகிரி காட்டியது. ஆற்றில் அமிழ்த்தியபோது 24. காற்றைவிட நீர் சூடாக இருப்பதால்தான் இந்த ஆவி. மார்கழி விடியலில் ஆற்றில் இறங்கிவிட்டால் குளிராது, ஏறும்போதுதான் நடுங்கும் என்று எங்கள் ஆச்சி சொல்வதன் காரணம் அந்த நான்கு டிகிரிதான்.

குன்னூர் நண்பர் ஒருவர், “உங்கள் ஆற்றில் ட்ரவுட் கிடைக்குமா?” என்று கேட்டிருந்தார். அவர் நீலகிரி ஓடைகளில் அந்த மீனைப் பார்த்து வளர்ந்தவர். கிடைக்காது. ட்ரவுட் குளிர்நாட்டு மீன். ஆங்கிலேயர் காலத்தில் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து நீலகிரி நீர்நிலைகளில் விட்டார்கள். ஆக்சிஜன் நிறைந்த குளிர்ந்த ஓட்டம் அதற்கு வேண்டும். நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும், 25ஐ எட்டினால் பிழைப்பது அரிது. எங்கள் ஆற்றின் மிகக் குளிர்ந்த விடியலே அதற்குக் கோடைதான். இங்கே உள்ளவை வெயிலுக்குப் பிறந்த மீன்கள். எனவே குளிர்காலத் தூண்டிலின் கணக்கும் தலைகீழ்: விடியற்காலையில் மீன் மந்தமாகக் கசத்தில் கிடக்கும், ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறிக் கரையோர நீர் சூடான பிறகுதான் மேய வரும். அதுவரை பழைய சோறும் நேற்றைய குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதில் குறையொன்றும் இல்லை.

கடனாநதி வந்து தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூரில் வண்டியை நிறுத்தினோம், ஆனால் தூண்டிலை அவிழ்க்கவில்லை. நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்மக்கள் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். 2005இல், ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்ற வகையில் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக இந்த இடம் அறிவிக்கப்பட்டது. பறவைக்குப் பங்காக விட்ட நீரில் நாம் போய்க் கம்பை நீட்டுவது சரியில்லை என்பது மாமாவின் கட்சி. நானும் அதே கட்சிதான். கிழக்கே வெகுதூரம் தள்ளி இன்னொரு தோப்பில் பாய் விரித்தோம்.

அங்கே ஆற்றிலிருந்து ஒதுங்கிய ஒரு தேக்கம் இருந்தது. ஒரு பக்கம் நாணல், மறுபக்கம் நீரில் மிதக்கும் அமலைச்செடி அடர்ந்து கிடந்தது. பதினொரு மணி வெயிலில் மச்சான்தான் அதை முதலில் பார்த்தான். அமலையின் விளிம்பில், ஒரு சுளகு அகலத்துக்கு, செம்மண் கரைந்தது போல நீர் நிறம் மாறியிருந்தது. அந்தச் செம்மை மெல்ல நகர்ந்தது. குனிந்து பார்த்தபோது அது விரால் குஞ்சுகளின் கூட்டம் என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் அரிசியைவிடச் சற்றே நீளம், ஆரஞ்சு கலந்த சிவப்பு, எண்ண முடியாத எண்ணிக்கை. சில நொடிகளுக்கு ஒரு முறை அவை அத்தனையும் மூச்செடுக்க மேலே வந்து தொட, அந்த ஒரு சுளகு அகலத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் நீர் பொரிந்தது. விரால் காற்றைக் குடித்து வாழும் மீன். குஞ்சிலேயே அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. அவற்றுக்கு நேர் கீழே, ஒரு முழ ஆழத்தில், கை மொத்தத்துக்கு ஒரு கரிய நிழல் அசையாமல் நின்றது.

மச்சான் தன் பையிலிருந்து ரப்பர் தவளையை எடுத்துவிட்டான். விரால் பிடிப்பவர்கள் எல்லோரும் அறிந்த உத்தி அது. குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டு இழுத்தால், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குஞ்சைத் தின்ன வந்த பகை என்று நினைத்துத் தாய் பாய்ந்து கவ்வும். அது தப்பாது. இரண்டு கிலோவுக்குக் குறையாத மீன் என்று அவன் கிசுகிசுத்தான்.

மாமா கையை நீட்டி அவன் கம்பைத் தாழ்த்தினார். “பார்ப்போட நிக்க விராலைப் பிடிக்கப்பிடாதுலே. தாயை எடுத்துட்டா சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் கெண்டைக்கும் கொக்குக்கும் தீவனம்.”

“மத்தவங்க விட்டு வைப்பாங்களாப்பா?”

“விட மாட்டான். அது அவன் பாடு.”

மச்சான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனாலும் ரப்பர் தவளையைப் பையில் வைக்க அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது. நாங்கள் மூவரும் ஈர மண்ணில் குந்தி அந்தச் செம்மை தேக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதைப் பார்த்தோம். ஒரு முறை நீர்க்காகம் ஒன்று பக்கத்தில் வந்து இறங்கியது. நிழல் எங்கிருந்தோ அம்புபோல் எழும்ப, நீர் உடைந்து தெறித்தது. நீர்க்காகம் சிறகடித்து ஓடிவிட்டது. குஞ்சுகள் கலையவே இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் தூண்டிலோடு பார்த்த காட்சிகளில் இதற்கு இணையாக ஒன்றையும் சொல்லத் தெரியவில்லை.

அன்று எங்களுக்குக் கிடைத்தவை ஐந்து கெளுத்தியும் நான்கு சிலேபியும். கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முள்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும்; குத்தினால் ஒரு நாள் முழுவதும் கடுக்கும். சிலேபியை எவ்வளவு பிடித்தாலும் மாமா வருந்துவதில்லை. ஐம்பதுகளில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் அது. சேற்றில் குழி பறித்து, குஞ்சை வாயில் வைத்து வளர்த்து, கண்ட இடமெல்லாம் பெருகி, மண்ணின் மீன்களுடைய மேய்ச்சலைப் பறித்துக்கொண்டது. இரவில் அவற்றையே வறுத்தோம். தூங்கப் போகுமுன் அக்கரைப் பாறையில் விசில் அடிப்பதுபோல் ஒரு கீச்சொலி கேட்டது. நீர்நாய் என்றார் மாமா. காலையில் போய்ப் பார்த்தபோது பாறையின் மேல் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் இன்னும் ஈரமாக இருந்தது.

மூன்றாம் நாள் (மார்கழி 12): அரியநாயகிபுரம்

பகல் முழுவதும் மழை. எழுதுவதற்கு அதிகம் இல்லை. இணையத்தில் வாங்கிய கூடாரம் ‘மழை புகாது’ என்ற உறுதியோடு வந்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே தையல் வழியாக ஒழுகித் தலையணையை நனைத்தது. சாமான்களை வாரிக்கொண்டு படித்துறைக் கல்மண்டபத்துக்குள் ஏறினோம். ஒரு துளி உள்ளே வரவில்லை. ஆற்றோரம் இத்தனை மண்டபங்களைக் கட்டி வைத்தவர்கள் நடந்து வரும் வழிப்போக்கர்களை மனத்தில் வைத்திருந்தார்கள். இன்று பலவற்றில் படுக்க முடியாதபடி குப்பையும் உடைந்த பாட்டிலும் கிடக்கின்றன. நாங்கள் இறங்கியது யாரோ தினமும் கூட்டி வைக்கும் மண்டபம்.

மழை ஓய்ந்த இடைவேளையில் அணைக்கட்டைப் பார்க்கப் போனோம். இந்த ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன; அரியநாயகிபுரம் அவற்றில் ஒன்று, கோடகன் கால்வாய் இங்கிருந்துதான் பிரிகிறது. நீர் அணைக்கட்டின் மேல் வழிந்து கீழே நுரைத்த இடத்தில் கெண்டைகள் மேலேறப் பார்த்துத் துள்ளித் துள்ளி விழுந்தன. இருவர் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு விலாங்கு இருந்தது, என் முழங்கை மொத்தம். விலாங்கின் கதை மற்ற மீன்களுக்கு நேர்மாறானது: வாழ்வதெல்லாம் ஆற்றில், முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டும், பிறந்த குஞ்சு மறுபடியும் ஆற்றைத் தேடி ஏற வேண்டும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அந்தக் குஞ்சுகள் ஈரமான கல்லில் ஒட்டி ஊர்ந்துகூட ஏறக்கூடியவை. புன்னைக்காயலிலிருந்து இவ்வளவு தூரம், அணைக்கட்டுகள் பலவற்றைத் தாண்டி வந்த உயிர் என்று நினைத்தபோது, அந்தச் சாக்குப்பையை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பிடித்தவர்களுக்கு அது அன்றைய கூலி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

நான்காம் நாள் (மார்கழி 13): சேரன்மகாதேவி

காலையில் செய்தித்தாளில் நீர்மட்டத்தைப் பார்த்து, வெளியேற்றம் கூடவில்லை என்று உறுதி செய்த பிறகே மாமா ஆற்றில் இறங்க விட்டார். வழக்கம்போல் முதலில் ஈயக்குண்டை எறிந்தேன். மணல், மணல், சரளை என்று விரல் படித்துக்கொண்டே வந்தது. பிறகு இதுவரை அறியாத ஒன்று தட்டுப்பட்டது: மென்மையாக, ஆனால் விடாமல், இழுக்க இழுக்கக் கூடவே கொஞ்சம் வந்து மறுபடியும் பின்வாங்கும் ஒரு கனம். சேறும் இல்லை, செடியும் இல்லை. மாமாவிடம் கம்பைக் கொடுத்தேன். அவர் விரலை வைத்த உடனேயே முகம் மாறியது. “சேலை” என்றார்.

பரிகாரம் என்றும் தலைமுழுக்கு என்றும் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுப் போகும் வழக்கம் பாபநாசத்திலிருந்து கீழே பல படித்துறைகளில் இருக்கிறது. முன்பு அது பருத்தி, நாள்பட மக்கிவிடும். இன்று பெரும்பாலும் செயற்கை இழை; மக்குவதே இல்லை. கல்லில் சுற்றிக்கொண்டு, மேலே மணல் படிந்து, அடியில் ஒரு பாய்போல் விரிந்துவிடுகிறது. சரளையின் இடுக்கில் முட்டையிடும் மீனுக்கும், கல்லுக்கடியில் ஒதுங்கும் ஆராலுக்கும் அந்த இடம் அடைபட்டுப் போகிறது. பாவத்தைத் தொலைப்பதற்கு வந்தவர்கள் தெரிந்து இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படித்துறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

தூண்டில்களை ஓரமாகச் சாய்த்துவிட்டு, மார்பளவு நீரில் மூவரும் இறங்கினோம். காலால் தடவி, குனிந்து பிடித்து, இருவர் கல்லைப் புரட்ட ஒருவர் இழுத்தோம். நண்பகல் வரை பதினோரு துணிகள் வந்தன: சேலைகள், வேட்டிகள், ஒரு பள்ளிக்கூடச் சட்டை. ஒரு சேலையின் மடிப்புக்குள் சின்ன நண்டொன்று வெளியேற வழி தெரியாமல் இருந்தது. கரையில் விரித்தபோது அந்தச் சேலையின் ஜரிகை இன்னும் மின்னியது. மச்சான் நேற்று முன்தினம் விராலை விட்டதற்கு இருந்த வாட்டமெல்லாம் போய், “அத்தான், அந்தப் பாறைக்குப் பின்னால இன்னும் கெடக்கு” என்று மறுபடியும் மறுபடியும் மூழ்கினான்.

வெயில் சாயத் தொடங்கிய பிறகு, துணி எடுத்த அதே இடத்தில் கோதுமை மாவு உருண்டையைக் கோத்து வீசினேன். ஈயம் இறங்கிய இடத்தில் சரளையின் துடிப்பு விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சிறிது நேரத்தில் தக்கை இரண்டு முறை தலையசைத்துச் சாய்ந்தது. வந்தது விரல் நீளக் கெண்டை: உடலில் கரிய திட்டுகள், முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்ட இழைகள், வெயில் பட்ட பக்கம் பச்சையும் செம்பும் கலந்த மினுக்கம். 1954இல் இந்த மீனை அறிவியல் உலகுக்கு விவரித்தபோது, அதன் பெயரிலேயே தாமிரபரணியைச் சேர்த்து ‘தம்பிரபர்ணியை’ (tambraparniei) என்று வைத்தார்கள். முள் உதட்டோரத்தில்தான் இருந்தது. கையை நனைத்துக்கொண்டு கழற்றி, ஓட்டத்தை நோக்கித் தலையைத் திருப்பி விட்டேன்.

“வாய்க்கால்ல தண்ணியை அடைக்கதுக்கு முன்னால, மாசியில ஒருமட்டம் வாரும். தண்ணி தெளிஞ்சு அடி தெரியும், கெடக்கதை எல்லாம் எடுத்துப் போடலாம்” என்றார் மாமா. மிச்ச மண்புழுவை ஒரு தென்னை மூட்டில் கொட்டி மண்ணால் மூடினார். முள்களைத் தேங்காய் எண்ணெய் தடவித் தீப்பெட்டியில் அடுக்கினார். துணிகளைப் பிழிந்து இரண்டு சாக்குகளில் கட்டி, முதல் நாள் கூடாரம் இருந்த வண்டியின் முன்பக்கத்தில் ஏற்றினோம். கூடாரத்தை மச்சான் மடியில் வைத்துக்கொண்டான்; தையலுக்கு மெழுகு பூசித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.